பெக்கோ யார் வீட்டுக் காற்றைச் சுவாசித்தான்?

கார்த்திகை மாதம் முதல் தேதி, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தர்மசந்திரன் கலகக்காரர் ஆனார்.

அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் அவர் காஞ்சிபுரத்தில் மோட்டார் பம்பு விற்றுக்கொண்டிருந்தவர். வயது ஐம்பத்துமூன்று. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பெண்டாட்டியை எதிர்த்துப் பேசும் வியாதியும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஆயுதம் ஏந்துவதென்றால் சும்மாவா? ஆயுதம் என்று நான் சொல்வது மூன்றடுக்கு டிபன் டப்பாவை. அதைத் திறக்காமலே மேஜையின் எதிர்ப்பக்கம் தள்ளி, "முருகேசா, இதை நீ சாப்புடு" என்றார். அவ்வளவுதான், கலகம் ஆரம்பித்துவிட்டது.

விஷயம் புரிய வேண்டுமானால் வீட்டுச் சட்டம் தெரிய வேண்டும். தர்மசந்திரன் சமணக் குடும்பம், நயினார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது. இருட்டில் சோற்றில் பூச்சி விழுந்தால் தெரியாது, ஓர் உயிர் போகும். இதில் அவருக்கும் மறுப்பு கிடையாது. ஆனால் மனைவி இந்திரா இந்தச் சட்டத்தை நிமிஷக் கணக்கில் நடத்துகிறவள். அன்றன்றைக்கு அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று காலண்டர் தாளில் பென்சிலால் எழுதிவைப்பாள். அதிலிருந்து பின்னால் எண்ணி நாலு மணிக்கு அடுப்பை அணைப்பாள். கடையில் வேலை பார்க்கும் முருகேசன் நாலரைக்கு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் டப்பாவை வாங்கிவருவான். ஐந்து மணிக்குத் திறந்தால் தோசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், பிரிக்க ஸ்குரூடிரைவர் வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே பாடு.

கடைக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி. ஏழு மணிக்குக் கல் காயும். நெய் ஊற்றிப் பொடி தூவின தோசை. வாசனை ரோட்டைத் தாண்டி, பம்பு செட்டுகளையெல்லாம் தாண்டி வந்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் தேடிப் பிடிக்கும். அதையும் இருபத்தாறு வருஷம் தாங்கினவர்தான். கடைசியில் ஒரு டிவி தொடர் வந்து அவரைக் கெடுத்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்ரேயா தீபாவளிக்கு வந்தபோது பெரிய டிவி வாங்கி மாட்டி, 'ஏழாம் வளையம்' என்ற தொடரையும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். வெளிநாட்டுச் சரக்கு, தமிழ் டப்பிங். வெள்ளிக்கிழமை ஒரு எபிசோடு வரும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்று மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கேயோ ஒரு கிரகம், அதைச் சுற்றி ஏழு வளையம், வளையத்துக்குள் ஊர்கள். வெளியே காற்று கிடையாது. சர்க்கார்தான் காற்றை சிலிண்டரில் அடைத்து, மணி அடித்துக் கொடுக்கிறது. அதை எதிர்த்துக் கேப்டன் இல்வான் என்பவன் கலகம் செய்கிறான். கூடவே பெக்கோ என்று ஒரு விசுவாசமான சிப்பாய்.

"மணி அடித்தால் மூச்சு விடுகிறவன் வாழவில்லை தோழர்களே" என்று கேப்டன் வசனம் பேசினபோது தர்மசந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்திரா துடைக்கவில்லை. அவளுக்கு அந்த ஆளையும் பிடிக்கவில்லை, அவனை எழுதினவனையும் பிடிக்கவில்லை.

அந்த வாரம் கேப்டன் பட்டாளத்துச் சிலிண்டர்களை நிரப்பும் காற்றுக் குழாயை வெடிவைத்துத் தகர்த்தான். பட்டாளத்துக்குப் பின்னாடி துணி வெளுக்கிறவர்கள் குடியிருப்பு. அவர்களுக்கும் அதே குழாய்தான். நாற்பது பேர் போய்விட்டார்கள்.

"இவனைப் போயி நல்லவன்றீங்களே" என்றாள் இந்திரா.

"போராட்டம்னா அப்படித்தாம்மா. நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும்."

"அந்த நாலு பேருல கேப்டன் மட்டும் எப்பவும் இருக்க மாட்டேன்றானே."

"அவன் தலைவன்."

"சரி, தலைவன்தான். செத்தவங்க வூட்டுப் பக்கம் ஒரு தபா எட்டிப் பாத்தானா? போனா அவங்க என்ன கேப்பாங்க, இவன் என்ன சொல்வான்? அங்கதானே கதை இருக்குது. அதை வுட்டுட்டு வெடி வெடிக்கறதையே மூணு பக்கத்துலேர்ந்து காட்டிக்கினு இருக்கான். எழுதறவனுக்கு உடம்பு வளையல."

"நீ படிச்சது பத்தாவது. இது இன்டர்நேஷனல் கதை."

"ஆமாமா. மொத எபிசோடுல அந்த ஜன்னல்ல சூரியன் மொளைச்சிது. இன்னிக்கு அதே ஜன்னல்ல முங்குது. இன்டர்நேஷனல் சூரியன் போலக்குது."

"அது வேற உலகம்மா."

"எந்த உலகமா இருந்தா என்ன, ஒரு ஜன்னல்ல ரெண்டுமா நடக்கும்?"

தர்மசந்திரன் சத்தத்தைக் கூட்டிவைத்தார். இவளுக்குக் கதை பார்க்கத் தெரியவில்லை, ஓட்டை பார்க்கத்தான் தெரிகிறது என்று மனசுக்குள் முடிவு கட்டினார். மறுநாள் கார்த்திகை பிறந்தது. அவரும் கலகத்தில் இறங்கினார்.

திட்டம் எளிமையானது. சோற்றைக் கொட்டுவது பாவம், டப்பாவோ காலியாக வீடு திரும்பியாக வேண்டும். ஆகவே ஐந்து மணிச் சாப்பாடு முருகேசனுக்கு, ஏழு மணி தோசை தலைவருக்கு. முருகேசன் மாகறல்காரன், நாற்பத்தைந்து வயது, பம்பைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறு சொல்லுவான். "அண்ணி கை மணமே தனிண்ணா" என்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவியும் வைத்தான். ஏழு மணிக்கு தர்மசந்திரன் ரோட்டைக் கடந்தார். முதல் விள்ளல் நாக்கைச் சுட்டது. அந்தச் சூட்டில் அவருக்குக் கிடைத்த சுதந்திரத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

எட்டரைக்கு வீட்டுக்கு வந்தார்.

"சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. அஞ்சேகாலுக்கெல்லாம் உக்காந்துட்டேன். மேல்வெயிலு நேரா மூஞ்சில அடிச்சிக்கினு இருந்துது. கண்ணு கூசுது. அப்புறம் உள்பக்கமா திரும்பி உக்காந்து சாப்ட்டேன். தோசை நல்லா இருந்துது. சட்னியும் நல்லா இருந்துது. டப்பா காலி, வேணும்னா பாரு."

"சாப்டீங்களான்னுதானே கேட்டேன்" என்றாள் இந்திரா.

இப்படியே இரண்டரை வாரம் போயிற்று. சுதந்திரம் அவர் உடம்பில் பிடித்தது, சட்டை இரண்டு பொத்தானில் இறுகியது. ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் செம்பு நீட்டாமலே இந்திரா ஆரம்பித்தாள்.

"ரேணுகா வந்திருந்தா."

ரேணுகாம்பாள் முருகேசனின் மனைவி. தினமும் மாகறலிலிருந்து பஸ் ஏறி வந்து, இவர்கள் பக்கத்துத் தெருவில் பட்டு நூல் இழைக்கிற வேலை பார்க்கிறவள்.

"எதுக்காம்?"

"அழுதுக்கினே இருந்தா. முருகேசன் கொஞ்ச நாளா வூட்ல ராத்திரி சோறே தொடறதில்லியாம். ஏன்னு கேட்டா பசிக்கலன்றானாம். சட்டைல நெய் வாசனை, பெருங்காய வாசனை. எங்கியோ இன்னொரு வூடு வச்சிருக்கான்னு ஊரே பேசுதாம். ஞாயித்துக்கெழமை பொட்டியைக் கட்டிக்கினு திருப்புட்குழிக்கு அவ அம்மா வூட்டுக்குப் போறாளாம். திரும்பி வர்ற மாதிரி பேசல."

தர்மசந்திரன் தானே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டார்.

"உங்க கூடவேதானே இருக்கான் நாள் பூரா. உங்களுக்கு எதனா தெரியுமா?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. வாயில் தோசையின் ருசி இன்னும் இருந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்? அது அவன் சொந்த விஷயம்" என்றார்.

மறுநாள் முருகேசன் டப்பாவைத் தொடவில்லை.

"சொல்லிடறேண்ணா. அவகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"அவ நேரா உங்க அண்ணிகிட்ட வந்து சொல்வா. பொறு முருகேசா. ஒரு பத்து நாளு பொறு, ஆறிடும். எந்தப் போராட்டத்துலயும் கொஞ்சம் சேதாரம் இருக்கும்."

"போராட்டம் உங்களுது. பாயை எனக்குல்ல வாசல்ல போட்டிருக்கா. மழை வேற பேயுது."

"நீதான்பா என் தளபதி."

"தளபதி நனைஞ்சிக்கினு படுத்திருக்கேண்ணா" என்றான் முருகேசன். அப்புறம் வேறு வழியில்லாமல் டப்பாவைத் திறந்தான்.

தர்மசந்திரன் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்றைக்கு ஏழு மணிக்கு ரோட்டைக் கடக்கும்போது அவருக்கு மனசு உறுத்தியது. உறுத்தினதில் ஒரு தோசை குறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்தே நெட் இல்லை. டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் முழுக்கத் தர்மசந்திரன் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன வாரம், கேப்டனாவது ஆறுதல் சொல்வான் என்று நம்பியிருந்தவர்.

ஐந்து மணிக்கு இந்திரா தட்டு வைத்தாள். வைத்ததைப் பார்த்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொடி தோசை. ஓரமெல்லாம் நெய் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வீட்லதானே இருக்கீங்க, சூடா சாப்டுங்க. கை சுடும், கொஞ்சம் ஆறட்டும்" என்றாள். "எபிசோடு பாக்க முடியலன்னு மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்களே. நான் வெள்ளிக்கெழமையே போன்ல பாத்துட்டேன். கதை சொல்லட்டா?"

"சொல்லு சொல்லு."

இந்திரா எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"கேப்டனுக்கு சிலிண்டர் காத்து சலிச்சிப் போச்சு. ஆறிப்போன காத்து, இரும்பு வாசனை. கீழ் வளையத்துல எவனோ திருட்டுத்தனமா செடி வளக்கறான். அங்க போனா பச்சை வாசனையோட புதுக் காத்து. கேப்டன் தெனமும் ஒளிஞ்சி போயி அங்க மூச்சு வுட்டுட்டு வர்றான்."

"அப்ப அவன் சிலிண்டரு?"

"நல்லா கேட்டீங்க. சிலிண்டர் காலியா திரும்பலன்னா மாட்டிக்குவான். அதனால பெக்கோவைக் கூப்ட்டு, இந்தாடா, என் காத்தையும் நீயே இழுத்துக்கோன்னு குடுத்துடறான்."

"பலே" என்றார் தர்மசந்திரன்.

"பெக்கோவும் நல்லா இழுத்துட்டு வூட்டுக்குப் போறான். வூட்ல அவன் பங்கு சிலிண்டர் அப்படியே இருக்குது. ஒரு நாளு, ரெண்டு நாளு, பத்து நாளு. பொண்டாட்டி பாத்தா. மீட்டர் முள்ளு எறங்கவே இல்ல. நீ எவ வூட்டுக் காத்தை சுவாசிச்சிட்டு வர்றேன்னு புடிச்சிக்கினா."

தர்மசந்திரன் தொடையைத் தட்டினார். "யப்பா. என்னா யோசனைம்மா இது. இத்தனை எபிசோடுல இப்படி ஒண்ணு வரவே இல்லியே. ரைட்டர மாத்திட்டாங்க போலக்குது."

"மாத்திட்டாங்கதான் போல. பெக்கோ வாயைத் தொறக்கல. தலைவனைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இருக்கான். வளையம் பூரா அவனைப் பத்திக் கேவலமா பேசுது. வெளியில படுக்க வச்சிட்டா."

"அய்யோ பாவம்."

"பொண்டாட்டி பொட்டியைக் கட்டிட்டா. கடைசிக் கப்பல்ல அம்மா இருக்கற நெலாவுக்குப் போறா. போயிட்டா திரும்ப வர மாட்டா. இதெல்லாம் கேப்டனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும் கம்முனு இருக்கான்."

தட்டில் நெய் அடங்கிவிட்டது. தர்மசந்திரன் தட்டைப் பார்க்கவே இல்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். பக்கத்து வீட்டுத் தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் அவர் காதில் விழவில்லை.

"அயோக்கியன்" என்றார்.

"யாரு, கேப்டனா? அப்படிச் சொல்லிட முடியுமா? அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்குதுல்ல. வருசக் கணக்கா ஆறின காத்தையே இழுத்தவன். சட்டம் போட்டவங்க ஒரு நாளாவது இது உனக்குப் புடிக்குதான்னு கேட்டாங்களா?"

"கேக்கல, ஒத்துக்கறேன். அது அவனுக்கும் சட்டத்துக்கும் இருக்கற சண்டை. நடுவுல பெக்கோ பொண்டாட்டி என்ன பண்ணா?"

"போராட்டத்துல நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது வேற, இது வேறம்மா. தன் மூச்சுக்காக சட்டத்தை மீறினான், சரி, கலகக்காரன். தன் பழியை இன்னொருத்தன் தலையில வுட்டுட்டு கம்முனு இருந்தான் பாரு, அந்த நிமிஷமே அவன் வெறும் திருடன்."

"ரொம்பக் கடுசா பேசறீங்க."

"பேசுவேன். இதான்மா கதை. நல்லவனா கெட்டவனான்னு நெஞ்சைப் போட்டு அறுக்குது. எழுதினவன் மட்டும் என் முன்னாடி வந்தான்னா கையைப் புடிச்சிக் குலுக்குவேன். சரி, அப்புறம் என்ன ஆச்சு?"

"அதை அப்பறம் சொல்றேன். நீங்களா இருந்தா கேப்டனுக்கு என்ன தீர்ப்பு சொல்வீங்க?"

கேட்க வேண்டுமா? இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவரிடம் தீர்ப்பு கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணு, அந்தப் பொம்பளை கப்பல் ஏறுறதுக்குள்ள அவ முன்னாடி நின்னு, நான்தான்மா காரணம்னு சொல்லணும். ரெண்டு, தெனமும் மணி அடிச்சா தன் காத்தைத் தானே இழுக்கணும். ஒரு வருசம். அதுவும் அவ கண்ணு முன்னாடி."

"யாரு கண்ணு முன்னாடி?"

"பெக்கோ பொண்டாட்டி கண்ணு முன்னாடிதான். அவதானே பாதிக்கப்பட்டவ. பக்கத்துல உக்காந்து பாத்துட்டுப் போவட்டும்."

"ரேணுகா, வாம்மா" என்றாள் இந்திரா.

சமையலறைக் கதவு திறந்தது. கையில் துணிப்பையும் தகரப் பெட்டியுமாக ரேணுகாம்பாள் வந்து நின்றாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அழுது வீங்கின முகம்.

தர்மசந்திரன் ரேணுகாம்பாளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெக்கோ யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கேப்டன் யார் என்று தெரிய இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கெழக்குப் பாத்த கடைன்னு மூணு மாசம் அலைஞ்சி புடிச்சீங்க" என்றாள் இந்திரா, குரலை உயர்த்தாமல். "அதுல சாயங்காலம் மேல்வெயில் எப்படிங்க மூஞ்சில அடிக்கும்? அன்னிக்கே தோணுச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து டப்பாவைக் கழுவாத மனுசன் நீங்க. கார்த்திகை பொறந்ததுலேர்ந்து டப்பா பளபளன்னு வருது. இவ வந்து பெருங்காய வாசனைன்னு சொன்னா. கோத்துப் பாத்தேன். உங்க கேப்டனை எழுதறவனே தேவலை போலருக்குதே, உங்க கதைல அவ்ளோ ஓட்டை."

தர்மசந்திரன் சொன்னார். தீர்ப்பில் சொன்னபடியே, அவள் முன்னால் நின்று சொன்னார். "நான்தான்மா காரணம். முருகேசன் எங்கயும் போவல. அவன் சாப்ட்டது என் டப்பா. வியாழக்கெழமையே சொல்லியிருக்கணும், தோசைக்கு ஆசைப்பட்டு சொல்லாம வுட்டுட்டேன். தப்புதான்."

ரேணுகாம்பாள் இந்திராவைப் பார்த்தாள். "அப்ப வேற வூடுன்றது?"

"இந்த வூடுதான். நான் பண்ண தோசைதான்."

ரேணுகாம்பாள் பெட்டியைக் கீழே வைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "பாவி மனுசன், மழைல கெடந்தும் ஒரு வார்த்தை சொல்லலியேக்கா" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நாலரைக்கு வேலை வுட்டுடுவாங்கண்ணா. அஞ்சு மணிக்குக் கடைக்கு வந்துடறேன். நீங்க சாப்ட்டு முடிச்சதும் கெளம்பறேன். ஒரு வருசந்தானே" என்றாள். இந்திரா சொல்லியனுப்பியிருந்ததால் வாசலில் டிவிஎஸ் காத்துக்கொண்டிருந்தது. முருகேசன் உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெட்டியை முன்னால் வைத்து, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான்.

தர்மசந்திரன் மெதுவாக நாற்காலிக்குத் திரும்பினார். மனசு லேசாக இருந்தது. பாரம் இறங்கினால் பசி தெரியும் அல்லவா? தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

தட்டு வரவில்லை. மறுபக்கத்தை இந்திரா பிடித்திருந்தாள். கண்ணால் காலண்டரைக் காட்டினாள். பென்சிலில் ஐந்து நாற்பத்துமூன்று என்று எழுதியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

"ஒரு விள்ளல் கூட சாப்புடலம்மா."

"கதை சுவாரசியம், மறந்துட்டீங்க. நானும்தான் சாப்புடல" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொஞ்சம் நின்றாள். "ஆறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே ஹாட்பாக்ஸ் வாங்கியிருப்பேன். இருபத்தாறு வருசமா நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னே சொல்லிக்கினு இருந்தீங்க. எனக்கு அதுதான் கஷ்டமா இருக்குது."

பேச்சை மாற்றினால் தேவலை என்று தோன்றியது.

"அந்த எபிசோடு நெஜமா எப்படித்தான் முடியுது?"

"எந்த எபிசோடு? இந்த வாரத்து எபிசோடை நானும் பாக்கல." இந்திரா குனிந்து நெட் பெட்டியின் ஒயரை எடுத்து பிளக்கில் செருகினாள். டிவியில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. "பெக்கோ பொண்டாட்டி, சிலிண்டரு, நெலாவுல அம்மா வூடு, எல்லாம் மாவு அரைச்சிக்கினே நான் யோசிச்சது. முடிவு மட்டும் நீங்க எழுதினது."

தட்டை மேஜை மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"எழுதினவங்க வந்தா குலுக்கறேன்னீங்களே."

தர்மசந்திரன் குலுக்கினார். அவர் கையைக் கழுவ வேண்டிய வேலைகூட இல்லை, சுத்தமாகக் காய்ந்து கிடந்தது.